வேகத்தை ஆண்ட வித்தகர்

ஆற்றலைப் பெறுதல் ஒன்று. பெற்ற ஆற்றலை அடக்கி ஆளுதல் மற்றொன்று. யானையின் வலிமை பெரிது. ஆயினும், பாகனுடைய ஏவலுக்கு அடங்கி நடக்கும்போதுதான் அவ்வலிமை மரம் இழுக்கவும் தேர் தள்ளவும் பயன்படுகின்றது. மின்விசையும் அத்தகையதே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மின்சாரத்தால் சுழலும் மோட்டார்ப் பொறியை அறிஞர் பலர் அமைத்திருந்தனர். ஆனால், அதனை வேண்டிய வேகத்தில் ஓட்டவும், மெல்லத் தொடங்கி மெல்ல நிறுத்தவும் வல்லவர் மிகச் சிலரே. அச்சிலருள் முன்னிற்பவர் அமெரிக்க நாட்டுப் பொறியியலறிஞர் பிராங்க் ஜூலியன் ஸ்பிரேக் ஆவார். நகரத் தெருக்களில் மின்சார வண்டிகளும், தண்டவாளங்களில் மின்சார ரயில் தொடர்களும், உயர்ந்த மாளிகைகளில் மின்தூக்கிகளும் பரவுவதற்கு அவருடைய உழைப்புப் பெருங்காரணமாயிற்று.

இளமையும் கல்வியும்

ஸ்பிரேக் 1857ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 25ஆம் நாள், கனெக்டிகட் மாநிலத்திலுள்ள மில்போர்டு என்னும் ஊரில் பிறந்தார். இளம்பருவத்திலேயே அன்னையை இழந்தார். தந்தையார் பிழைப்பு நாடி மேற்றிசைக்குச் சென்றார். ஆதலின், மாசச்சூசெட்ஸ் மாநிலத்து நார்த் ஆடம்ஸ் நகரில் தம் அத்தையாரிடம் வளரும் நிலை அவருக்கு ஏற்பட்டது. அத்தையார் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றியவர். அவர்தம் அரவணைப்பில் ஸ்பிரேக் நன்கு பயின்றார். கணக்கில் சிறந்து விளங்கினார்.

படைக் கல்லூரியில் சேர்ந்து பயில வேண்டும் என்பது அவர் விருப்பம். தரைப்படைக் கல்லூரியை நாடி அவர் எழுதச் சென்ற தேர்வு, கடற்படைக் கல்லூரிக்குரியதாக அமைந்துவிட்டது. அவர் மனந்தளராமல் அத்தேர்வையே எழுதி வெற்றி பெற்றார். கல்லூரிக்குச் செல்லக் கையில் பொருள் இல்லை. கடன் பெற்றே பயணமானார். 1874ஆம் ஆண்டில் அன்னாபொலிஸ் நகரத்துக் கடற்படைக் கல்லூரியில் சேர்ந்து, 1878ஆம் ஆண்டில் தம் வகுப்பில் ஏழாமவராகத் தேறினார். எதிர்பாராது வாய்த்த அக்கல்லூரியே அவருக்கு இயற்பியலிலும் மின்னியலிலும் ஆழ்ந்த அடிப்படையை அளித்தது.

கடற்படைப் பணி

கல்வி முடித்த ஸ்பிரேக், கப்பலில் அமர்ந்து கீழ்த்திசைக் கடல்களில் பயணம் செய்தார். ஓய்வு நேரங்களில் புதிய பொறிகளைப் பற்றிய குறிப்புகளையும் படங்களையும் தம் ஏட்டில் வரைந்து வந்தார். பின்னர் லங்காஸ்டர் என்னும் போர்க்கப்பலில் மின்சார அழைப்பு மணிகளை அமைத்தார். அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களில் அத்தகைய அமைப்பு அதுவே முதலாவதாகும்.

1882ஆம் ஆண்டில், இலண்டன் மாநகரை அடுத்த படிக அரண்மனையில் மின்னியற் பொருட்காட்சி ஒன்று நடைபெற்றது. அங்கே டைனமோக்களை ஆராய்ந்து மதிப்பிடும் குழுவின் செயலாளராக ஸ்பிரேக் பணியாற்றினார். அந்நாளில் இலண்டன் நகரின் சுரங்க ரயில்களை நீராவி எஞ்சின்களே இழுத்துச் சென்றன. சுரங்கம் முழுவதும் கரியும் புகையும் நிறைந்திருந்தன. பயணிகள் மூச்சுவிடவும் இடர்ப்பட்டனர். நாள்தோறும் அவ்வழியே சென்றுவந்த ஸ்பிரேக், புகையில்லாத மின்விசையால் இவ்வண்டிகளை ஓட்ட இயலாதா என எண்ணலானார். அவ்வெண்ணமே பின்னர் அவருடைய வாழ்க்கைத் தொழிலாக மலர்ந்தது.

எடிசனிடம் பணி

1883ஆம் ஆண்டில் ஸ்பிரேக் கடற்படையினின்று விலகி, புகழ்பெற்ற தாமஸ் ஆல்வா எடிசனிடம் பணியில் அமர்ந்தார். மின்விளக்கு நிலையங்களை அமைக்கும் பொறுப்பு அவருக்கு அளிக்கப்பட்டது. எடிசன் மீண்டும் மீண்டும் செய்துபார்த்து உண்மை காண்பவர். ஸ்பிரேக்கோ முன்னரே கணக்கிட்டு அறியும் இயல்பினர். நகரெங்கும் இழுக்கவேண்டிய கம்பிகளின் அளவை அவர் கணித முறையால் அறுதியிட்டுக் காலத்தையும் பொருளையும் மிச்சப்படுத்தினார். எனினும், எடிசனின் நாட்டம் விளக்கின்மேல் இருந்தது. ஸ்பிரேக்கின் நாட்டம் மோட்டார்மேல் இருந்தது. ஆகவே, 1884ஆம் ஆண்டில் அவர் விடைபெற்றுத் தம் பெயரால் ஒரு தொழில் நிறுவனத்தைத் தோற்றுவித்தார்.

வேகத்தின் சிக்கல்

மோட்டாரின் வேகத்தை ஆளுவது எளிதன்று. அதன் காரணத்தை அறிந்தால்தான் ஸ்பிரேக்கின் பெருமை விளங்கும். மோட்டாரின் கம்பிச்சுருள் காந்தங்களின் நடுவே சுழலத் தொடங்கியதும், அதுவே ஒரு டைனமோவைப் போல் எதிர் மின்னழுத்தத்தைத் தோற்றுவிக்கும். வேகம் மிகுந்தோறும் இவ்வெதிர்ப்பும் மிகும். உட்புகும் மின்னோட்டம் குறையும். அசையாது நிற்கும் மோட்டாருக்கோ இவ்வெதிர்ப்பு சிறிதும் இல்லை. அந்நிலையில் முழு மின்னழுத்தத்தையும் ஒருங்கே செலுத்தினால், மின்னோட்டம் வெள்ளம் போலப் பாய்ந்து கம்பிச்சுருளைச் சுட்டெரித்துவிடும். வண்டியும் திடுமெனக் குலுங்கிப் பயணிகளைத் தள்ளிவிடும். இதனைத் தடுப்பதற்குத் தொடக்கத்தில் தடைக்கம்பிகளை இடையே வைத்து, வேகம் ஏற ஏற அவற்றை ஒவ்வொன்றாக விலக்குவர். இதனால் தீமை நீங்கும். ஆனால், மின்விசையின் ஒரு பகுதி அத்தடைக்கம்பிகளில் வெப்பமாக மாறி வீணாகும்.

பாரம் ஏறினால் வேகம் தளர்வதும், பாரம் இறங்கினால் வேகம் மிகுவதும் அந்நாளைய மோட்டார்களின் மற்றொரு குறை. நெசவாலை முதலிய தொழிற்சாலைகளுக்கு இது சிறிதும் ஒவ்வாது. ஸ்பிரேக், காந்தங்களைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள்களைத் தக்கவாறு அமைத்து, பாரம் மாறினும் வேகம் மாறாத மோட்டார் ஒன்றை ஆக்கினார். 1884ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரப் பொருட்காட்சியில் அது வைக்கப்பெற்றுப் பலருடைய பாராட்டையும் பெற்றது. வேகம் குறையும் வண்டியின் மோட்டார், டைனமோவாக மாறி மின்னோட்டத்தைக் கம்பிக்கே திருப்பித் தருமாறும் அவர் செய்து காட்டினார்.

ஆயினும், ஆளும் கை சிறிது பதறினாலும் கேடு விளையும் என்பதை அவர் விரைவில் உணரவேண்டியதாயிற்று. 1886ஆம் ஆண்டில், நியூயார்க்கு நகரின் உயர்பாதை ரயில்களை மின்விசையால் ஓட்டலாம் என்பதை மெய்ப்பிக்க அவர் முயன்றார். அந்த ரயிற்பாதையில் பெரும் பங்குடைய செல்வரான ஜே கூல்டு, சோதனை வண்டியில் ஏறி உருகுகம்பியின் அருகே நின்றார். செல்வரின் மனத்தைக் கவர விரும்பிய ஸ்பிரேக், கட்டுப்பாட்டுக் கைப்பிடியைச் சற்று விரைந்து திருப்பினார். மின்னோட்டம் அளவு கடந்தது. உருகுகம்பி பேரொலியுடன் வெடித்தது. அஞ்சிய கூல்டு வண்டியினின்றும் குதிக்க முற்பட்டார். வண்டிக்குத் தீங்கில்லை, தீமை வாராமற் காப்பதே அக்கம்பியின் வேலை என ஸ்பிரேக் எவ்வளவோ விளக்கியும் பயனில்லை. அச்செல்வர் அம்முயற்சியின் பக்கம் மீண்டும் திரும்பவே இல்லை.

ரிச்மண்டு நகரத்து வெற்றி

1887ஆம் ஆண்டில் வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்டு நகரினின்று ஓர் அழைப்பு வந்தது. ஏறத்தாழ 12 மைல் நீளப் பாதையும், 40 வண்டிகளும், 80 மோட்டார்களும், மின்னாக்க நிலையமும் 90 நாளில் அமைத்தல் வேண்டும். வண்டிகள் குறைவின்றி ஓடினால் 1,10,000 டாலர் கிடைக்கும். ஓடாவிடின் ஒன்றும் கிடையாது. அதுவரை உலகில் எவரும் அத்துணைப் பெரிய மின்சார டிராம் பாதையை நிறுவியதில்லை. அந்நகரின் தெருக்களோ மேடுபள்ளம் நிறைந்தவை. சில இடங்களில் நூறு அடி சென்றால் பத்து அடி ஏறவேண்டும். தோற்றால் நிறுவனமே அழியும் என்பதை அறிந்தும் ஸ்பிரேக் அப்பணியை ஏற்றார்.

பணி தொடங்கியவுடன் அவர் டைபாய்டுக் காய்ச்சலால் படுக்கையில் வீழ்ந்தார். கிராஸ்பி, கிரீன் என்னும் உதவியாளர் இருவர் பணியைத் தாங்கினர். நோய் நீங்கித் திரும்பிய ஸ்பிரேக்கைத் தொல்லைகள் சூழ்ந்தன. பாதை செப்பமாக இடப்படவில்லை. வளைவுகளில் வண்டிகள் தடம் புரண்டன. சுழலும் பகுதியைத் தொட்டு நின்று மின்னோட்டம் ஊட்டும் பித்தளைத் துண்டுகள் சின்னேரத்தில் தேய்ந்தன.

ஓரிரவு ஸ்பிரேக் தாமே ஒரு வண்டியைச் செங்குத்தான மேட்டின்மீது ஓட்டினார். வண்டி முக்கி முனகி மேட்டின் உச்சியை அடைந்தது. சூழ்ந்திருந்த மக்கள் ஆரவாரித்தனர். ஆனால், அளவிறந்த பாரத்தால் மோட்டார்கள் பழுதுற்று வண்டி நின்றுவிட்டது. ஸ்பிரேக் கலக்கத்தை வெளிக்காட்டாமல், சிறு பழுதொன்றை ஆராய்தற்குரிய கருவிகளைக் கொண்டுவருமாறு யாவரும் கேட்கக் கிரீனை அனுப்பினார்; விளக்குகளை அணைத்துவிட்டு வண்டியின் இருக்கையில் சாய்ந்தார். காத்திருந்து சலித்த மக்கள் கலைந்து வீடு சென்றனர். நள்ளிரவில் அக்கருவிகள் வந்து சேர்ந்தன. அவை நான்கு வலிய கோவேறு கழுதைகளே! அவற்றைப் பூட்டி வண்டியைக் கொட்டகைக்கு இழுத்துச் சென்றனர்.

அன்றைய தோல்வியினின்று ஸ்பிரேக் பாடம் கற்றார். மோட்டாரின் விசையைச் சக்கரத்திற்கு ஏற்றும் பற்சக்கரங்களைத் திருத்தி அமைத்தார். மோட்டாரின் ஒரு பக்கத்தைச் சக்கர அச்சிலும், மறு பக்கத்தைச் சுருள்வில்லிலும் தாங்கச் செய்தார். இதனால் பாதையின் அதிர்ச்சி மோட்டாரைத் தாக்காமல் தணிந்தது. பற்சக்கரங்களும் ஒன்றையொன்று விடாது பற்றி நின்றன. மின்சார வண்டிகளில் இவ்வமைப்பு நெடுங்காலம் பின்பற்றப்பட்டு வந்தது. 1888ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 2ஆம் நாள், ரிச்மண்டு நகரில் மின்சார டிராம் வண்டிகள் முறையாக ஓடத் தொடங்கின. குறித்த நாள் கடந்தது. ஒப்பந்தத் தொகையினும் மிக்க பொருள் செலவாயிற்று. எனினும், செயற்கரிய செயல் செய்து முடிந்தது.

அவ்வாண்டிலேயே, பாஸ்டன் நகரக் குதிரை டிராம் நிறுவனத்தின் தலைவர் விட்னி அங்கு வந்தார். ஒரே இடத்தில் பல வண்டிகள் நெருங்கினால் அவை ஒருங்கே புறப்படுமா என்பது அவர் தரப்பினரின் ஐயம். ஸ்பிரேக் இரவோடிரவாக 22 வண்டிகளை ஒரே வரிசையில் நிறுத்தினார். ஒன்றன்பின் ஒன்றாக அவற்றைப் புறப்படுமாறு ஏவினார். மின்னழுத்தம் பாதிக்கும் கீழே தாழ்ந்தது, விளக்குகள் மங்கின. ஆயினும் ஒவ்வொரு வண்டியும் மெல்ல நகர்ந்து, விரைவு பெற்று, கண்பார்வையினின்றும் மறைந்தது. விட்னியின் ஐயம் அகன்றது; பாஸ்டன் நகரம் மின்விசையை ஏற்றது. பின்னர் உலக நகரங்கள் பலவற்றில் குதிரைகள் விடுதலை பெற்றன. நம் சென்னை மாநகரிலும் 1895ஆம் ஆண்டு முதல் 1953ஆம் ஆண்டு வரை மின்சார டிராம் வண்டிகள் ஓடின.

ஒரு கையின் ஏவலில் பல வண்டிகள்

வெற்றிக்குப் பின்னும் ஸ்பிரேக்குக்கு இடையூறு வாராமல் இல்லை. எடிசன் பெயர் தாங்கிய பெருநிறுவனம் அவருடைய நிறுவனத்தைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. ஸ்பிரேக் ஆக்கிய பொருள்களிலிருந்தே அவர் பெயர் நீக்கப்பட்டது. மனம் நொந்த அவர் 1890ஆம் ஆண்டில் விலகினார். ஆனால், வருந்தி வாளா இருந்தாரல்லர். வானளாவிய மாளிகைகள் எழுந்துகொண்டிருந்த காலம் அது. அவற்றிற்கு வேண்டிய மின்தூக்கிகளைப் பிராட் என்னும் பொறியியலறிஞருடன் சேர்ந்து அமைத்தார். 1894ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகரத் தந்தி நிறுவன மாளிகை ஒன்றில் அவை நிறுவப்பட்டன. மின்தூக்கி விரைந்து ஏறவும் வேண்டும். தளத்திற்கு நேரே குலுக்கமின்றி நிற்கவும் வேண்டும். இங்கும் வேகத்தை ஆளும் கலையே முதன்மையாயிற்று.

பல மின்தூக்கிகளை ஓரிடத்தினின்று இயக்கிப் பார்த்தபோது, அவர் உள்ளத்தில் ஒரு கருத்துத் தோன்றியது. மின்தூக்கிகளை இவ்வாறு இயக்கலாம் எனின், ரயில் வண்டிகளை ஏன் இயக்கலாகாது? ஒரு பெரிய எஞ்சின் பல வண்டிகளை இழுப்பதற்கு மாறாக, ஒவ்வொரு வண்டியிலும் மோட்டார்களை அமைத்து, அவை அனைத்தையும் முன்வண்டியில் உள்ள ஒருவரே இயக்குமாறு செய்தல் என்பதே அக்கருத்து.

சிக்காகோ நகரின் தென்பகுதி உயர்பாதை ரயில் நிறுவனம் 1897ஆம் ஆண்டில் அப்பணியை அவரிடம் ஒப்படைத்தது. 120 வண்டிகளை அவ்வாறு மாற்றியமைத்தல் வேண்டும். தவறினால் இழப்பீடு செலுத்த 1,00,000 டாலருக்கு அவர் பிணை தரல் வேண்டும். துணிந்து பிணை தந்தார். அவ்வாண்டு ஜூலைத் திங்கள் 26ஆம் நாள், ஷெனெக்டடி நகரில் ஆறு வண்டிகள் கொண்ட தொடர் சோதித்துப் பார்க்கப்பட்டது. கட்டுப்பாட்டுக் கைப்பிடியைப் பற்றி அதனை ஓட்டியவர் வலிய ஓட்டுநர் அல்லர். ஸ்பிரேக்கின் மைந்தனாகிய டெஸ்மண்டு என்னும் பத்து வயதுச் சிறுவனே! ஒரு சிறுவன் கையசைவுக்கு ஆறு வண்டிகளும் ஒன்றாய் நகர்ந்து ஒன்றாய் நின்றன.

இவ்வியப்பின் நுட்பம் யாது? முன்வண்டியின் கைப்பிடி, மோட்டாருக்குச் செல்லும் பெருமின்னோட்டத்தை நேரே தொடுவதில்லை. மெல்லிய கம்பிகளின் வழியே சிறு மின்னோட்டத்தை மட்டும் அனுப்பும். அவ்வேவலைப் பெற்று, ஒவ்வொரு வண்டியிலும் உள்ள கருவி தன் தடைக்கம்பிகளைத் தானே படிப்படியாக விலக்கும். மோட்டார் வேகம் பெற்று, மின்னோட்டம் உரிய அளவுக்குத் தணிந்த பின்னரே அக்கருவி அடுத்த படிக்கு நகரும். ஓட்டுநர் பதறினாலும் பொறி பதறாது. நியூயார்க்கில் ஒரு செல்வரை அஞ்சி ஓடச் செய்த குறைக்கு ஸ்பிரேக் இவ்வாறு தீர்வு கண்டார். 1898ஆம் ஆண்டில் அப்பாதையினின்று நீராவி எஞ்சின்கள் நீக்கப்பட்டன. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே 1931ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய மின்சார ரயில் தொடர்களும் இம்முறையைச் சார்ந்தனவே.

பிற்கால வளர்ச்சி

ஸ்பிரேக் 1910ஆம் ஆண்டில் எடிசன் பெயரால் வழங்கப்பெறும் பதக்கத்தைப் பெற்றார். முதல் உலகப் போரின்போது கடற்படை ஆலோசனைக் குழுவில் இருந்து நாட்டுக்குத் தொண்டாற்றினார். ஓயாது உழைத்த அப்பெரியார், 1934ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 25ஆம் நாள், தம் எழுபத்தேழாம் வயதில் இயற்கை எய்தினார். ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

அவர் காலத்தில் தீராதிருந்த குறை ஒன்று உண்டு. தடைக்கம்பிகளில் மின்விசை வெப்பமாக வீணாவதே அக்குறை. 1950க்குப் பின்னர்த் தோன்றிய குறைகடத்திக் கருவிகள் அதனைப் போக்கின. குயவர் தம் சக்கரத்தை எவ்வாறு சுழற்றுகின்றனர்? ஓயாமல் தள்ளுவதில்லை, கோலால் இடைவிட்டு இடைவிட்டு உந்துகின்றனர். சக்கரம் தன் கனத்தால் இடைவெளி தோன்றாமல் ஒரு சீராகச் சுழல்கின்றது. அதுபோலவே, குறைகடத்திக் கருவி மோட்டாருக்குச் செல்லும் மின்னோட்டத்தை ஒரு வினாடியில் நூற்றுக்கணக்கான முறை, ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடுகின்றது. திறந்திருக்கும் நேரம் பாதியாயின், மோட்டார் சராசரியாகப் பாதி மின்னழுத்தத்தையே பெறும், நேரத்தை நீட்டினால் வேகம் மிகும், குறைத்தால் தணியும். கம்பிச்சுருளின் காந்த இயல்பு மின்னோட்டம் துண்டுபடாமல் காக்கின்றது. அடைத்து வெப்பமாக்கும் தடைக்கம்பி இங்கே இல்லையாதலின், விசை வீணாவது மிகக் குறைவு. இதனைத் துடிப்பு அகலப் பண்பேற்றம் என்பர். சிறுவர் விளையாட்டுப் பொறி முதல் பேருந்து, ரயில் ஈறாக இம்முறை இன்று பயன்படுகின்றது. 2015ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய சென்னை மெட்ரோ ரயில் தொடர்களிலும், பல வண்டிகளிலுள்ள மோட்டார்கள் ஒரே கையின் ஏவலுக்கு அடங்கி நடக்கின்றன.

முடிவுரை

தாயற்ற சிறுவராய், கடன் வாங்கிக் கல்லூரி சென்ற ஸ்பிரேக், நோயாலும் பொருளிழப்பாலும் பெயரிழப்பாலும் துன்புற்றார். ஒவ்வொரு முறையும் அவர் தம் தோல்வியின் காரணத்தை ஆராய்ந்து, அதனையே அடுத்த ஆக்கத்திற்குப் படியாக்கினார். வெடித்த உருகுகம்பி, தானே தணிந்து இயங்கும் கருவிக்கு வழிகாட்டிற்று. மேட்டில் பழுதுற்ற வண்டி, உறுதியான பற்சக்கர அமைப்பைத் தந்தது. அதிர்ச்சியின்றிப் புறப்பட்டு, விரைவாக ஓடி, உரிய இடத்தில் அமைதியாக நிற்கும் ஒவ்வொரு மின்சார வண்டியும் அவருடைய பொறுமைக்கும் உழைப்புக்கும் சான்றாய் விளங்குகின்றது.